புறங்கையால் தொட்டவர்

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை அவர் முதன்முதலில் தொட்டபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கையால் தள்ளவில்லை. வலது கையைத் திருப்பி, விரல்களின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பொறுத்தார். இன்னொரு தட்டு. பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தார்.

"உங்க கேட்டுக்கு மேல ஒயர் போவுது, பாத்தீங்களா தம்பி?"

"அது கேபிள் டிவி ஒயர் அண்ணா. அதுல கரண்ட் கிடையாது."

"கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒயருக்குத் தெரியுமா?"

பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில், லைன் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வரிசை வீடுகளிலேயே, பக்கத்து வீட்டுக்கு அவர் குடிவந்த வாரம் அது. எதற்கும் நாள் குறித்து வைப்பது என் பழக்கம். லைனில் யார் எப்போது வந்தார்கள், எந்த வீட்டுக்கு எப்போது ஓடு மாறியது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இவரைப் பற்றியும் எழுதப்போவதாகச் சொன்னபோது, "எழுது, பேர் மட்டும் போடாத. பேர் எழுதுன எடத்துல மீட்டர் வந்து மாட்டிடுவாங்க" என்றார். ஆகவே பேர் இல்லை.

அவர் பெங்களூரில் ஒரு மருந்துக் குடோனில் கணக்கு பார்த்தார். நானும் பெங்களூரில்தான் வேலையில் இருந்தேன். காலை வண்டியில் மாரிகுப்பத்திலிருந்து ஒன்றாகப் போவோம். வண்டி வந்து நின்றதும் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துத் தாவி ஏறுவார்கள். இவர் மட்டும் நின்று, புறங்கையால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவார். பின்னால் கூட்டம் முட்டும்.

"இன்னாண்ணா, டப்பாவுக்குக் காய்ச்சலா?" என்று ஒருவர் கேட்பார்.

"நார்மலாதான் கீது, ஏறு" என்பார் இவர்.

இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் தினமும் நடக்கும். சிரிப்பும் தினமும் வரும். ஆனால் அவர் கையை நீட்டும்போது அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது வேடிக்கைப் பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் இது அடிக்கும் என்று நம்பியே தொட்டார்.

கரண்ட்டைப் பற்றி அவருக்கு நிஜமாக ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். டார்ச் லைட்டில் பேட்டரி போடும்போது ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்வார். அமாவாசையன்று கசிவு அதிகம் என்பார். மூன்று முனை பிளக்கில் மேலே உள்ள பெரிய முனை எதற்கு என்று நான் விளக்கியபோது, "அது சாமி மாதிரி. சும்மா இருக்குற மாதிரி தெரியும். இல்லாட்டி தெரியும்" என்றார். நான் படித்ததையெல்லாம் வைத்து அவரோடு வாதாடிப் பார்த்தேன். அவர் பயம் குறையவில்லை. எனக்கு வந்துவிட்டது. ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டைப் பார்த்தால் நானும் புறங்கையைத் திருப்ப ஆரம்பித்தது அவர் குடிவந்த பிறகுதான்.

லைனில் கரண்ட் போனால் மற்ற வீடுகளில் முனகல் கேட்கும். அவர் வீட்டில் கிட்டார் கேட்கும். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிற சாதாரண மரக் கிட்டார். கரண்ட் போன நேரத்தில் அவர் விரல்கள் ஓடுகிற மாதிரி வேறு எப்போதும் ஓடாது. கரண்ட் வந்ததும் ஒரு ஸ்வரம் பிசகும். பல்பு எரிவதற்கு முன்பே, அந்தப் பிசகை வைத்து, கரண்ட் வந்துவிட்டது என்று நான் தெரிந்துகொண்டிருக்கிறேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

காரணத்தை ஒரே ஒருமுறை சொன்னார். வண்டி மாரிகுப்பத்தில் புறப்படாமல் நின்றிருந்த ஒரு காலை.

அவர் சிறுவனாக இருந்தபோது அவர்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. கூரைக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் துணி காயப்போடக் கம்பி கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் எங்கோ ஒரு ஒயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டிருக்கிறது. அவருடைய அண்ணன் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் கம்பியில் போட்டார்.

"கரண்ட் எங்க அண்ணனைப் புடிக்கல தம்பி. எங்க அண்ணன் கைதான் கம்பியைப் புடிச்சிகினு விடல. நான் வாசல்ல நின்னுகினு விடுண்ணா, விடுண்ணான்னு கத்துறேன். என்னையே பாக்குறாரு. கை கேக்கல. அடுத்த வீட்டு ஆயா உலக்கையை எடுத்தாந்து கையைத் தட்டி விட்டாங்க. அதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

பிறகு அவருடைய அப்பா சொன்னாராம்: உள்ளங்கையால் தொட்டால் கை மூடிக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் உதறிக்கொண்டு வந்துவிடும், இனி எதையும் புறங்கையால் தொடு. பிள்ளைக்கு அப்பா தந்த சொத்து அது. வண்டி கிளம்பியது.

அப்படிப்பட்டவர்தான் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கினார்.

ராபர்ட்சன்பேட்டையில் பழைய இரும்பு, பேப்பர் எடுக்கும் கடை ஒன்று. நடத்தியவர் தெலுங்குக்கார அம்மா. தராசுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கொண்டுவருகிற சாமானிலிருந்து செம்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் செம்புக்குத் தனி மரியாதை. மைன்ஸ் மூடிய பிறகு, தங்கம் கிடைக்காதவர்கள் பழைய கேபிளைத் தோண்டி எடுத்துச் செம்பு விற்றார்கள். நான் பழைய நாள்காட்டிகள் கிடைக்குமா என்று பார்க்க அங்கே போவேன். அன்று அவரும் கூட வந்தார், ரப்பர் செருப்போடு.

அந்த அம்மாவின் மடியில் பச்சை நிறத்தில் ஒரு கிட்டார் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா செய்ற?" என்றார் இவர்.

"கம்பிக்குக் கீழ காந்தம் கீது பாரு, அதுல தலைமுடி மாதிரி செம்பு சுத்தியிருப்பாங்க. எடுத்துகினு கட்டையை அடுப்புக்குத் தள்ளிடலாம்."

"எடுக்காத. இங்க குடு."

அவர் கை நீட்டியதை நான் கவனித்தேன். உள்ளங்கை மேலே இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை, பொறுக்கவில்லை. வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

கிட்டார் தெரிந்தவர்கள் இளக்காரமாகச் சிரிக்கிற ஒரு கம்பெனியின் சரக்கு அது. பழகும் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது, பழகியதும் தூக்கிப்போடுவது என்று பெயர் வாங்கியது. பச்சைப் பெயின்ட்டை யாரோ பிரஷ்ஷால் அடித்திருந்தார்கள். ஆறு கம்பியில் நான்குதான் மிச்சம், அதுவும் துரு. அவர் ஒரு கம்பியை முறுக்கி, சுண்டி, குனிந்து கிட்டாரின் மேல்முனையில் தன் தாடையை வைத்தார். அப்படியே இருந்தார். கடை வாசலில் ஒரு லாரி போய் முடிந்தது.

"தம்பி, இங்க வா. இதுல பல்லை வை."

"பல்லையா?"

"வையேன். உன் பல்லு கொட்டிடாது."

வைத்தேன். அவர் சுண்டினார். வெளியே கொசு ரீங்காரம் போலத்தான் சத்தம். ஆனால் மண்டைக்குள் ஒரு கோயில் மணியை மெதுவாகத் தொட்டதுபோல எழுந்து, நீண்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எங்கே முடிந்தது என்று சொல்ல முடியவில்லை.

"நல்ல மரம்" என்றார். "சிரிக்கிறானுங்களே, அவனுங்க யாரும் இதுல தாடையை வச்சிப் பாத்திருக்கமாட்டானுங்க. கரண்ட் இல்லாமயே எப்பிடிப் பாடுது பாரு." அவர் கண் நிறைந்திருந்தது. அவரை அவ்வளவு பயமில்லாமல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைக்கார அம்மா ஒரு இரும்புச் சட்டிக்குக் கேட்கிற விலையைக் கேட்டார். இவர் பேரமே பேசவில்லை.

வீட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, புதுக் கம்பி போட்டு, துடைத்து வைத்தார். தினமும் குடோனிலிருந்து வந்து, கை கால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கட்டிலில் உட்கார்ந்து தாடையை அதில் வைத்து வாசிப்பார். அதை எந்த ஒயரோடும் சேர்க்கவில்லை. ஒயர் சொருகும் ஓட்டையில் ஒரு துண்டு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டார்.

"தூக்கம் வந்தா தலகாணி கீது. இன்னாத்துக்கு அந்தக் கட்டை மேல படுத்துகினு கீறாரு, நீங்களே கேளுங்க" என்றார் அவர் மனைவி, என்னிடம்.

"கரண்ட் கிட்டாரை வாங்கிட்டு கரண்ட் குடுக்காத ஆளை நான் இப்பதான் பாக்கறேன் அண்ணி."

"அய்யே, சும்மா இருங்க. ஃபிரிட்ஜுக்கே வாரத்துல ஒரு நாள் லீவ் விடுறாரு."

எனக்கு வேறொரு ஆசை. இந்த மாதிரிக் கிட்டாரில் கழுத்துக் கட்டையைக் கழற்றினால், உள்ளே அதைச் செய்த தேதியைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள் என்று படித்திருந்தேன். நான்கு ஸ்க்ரூதான். பலமுறை கேட்டுவிட்டேன். "நல்லா கீறவங்கிட்ட வயசைக் கேக்காத" என்று மறுத்துவிட்டார். என் குறிப்பில் அந்த இடம் இன்றைக்கும் காலி.

அவருக்கு ஒரே மகள். பெங்களூரில் நர்ஸிங் படித்தாள். வார விடுமுறைக்கு வருவாள். லைனில் எல்லோருக்கும் அவள் பாப்பா. அப்பாவிடம் கிட்டார் பழகி, அப்பாவைவிட நன்றாக வாசித்தாள், பாடவும் செய்தாள். ஒரு விடுமுறையில் அவள் ஊசியைச் சூடாக்கி அந்த மெழுகைத் தோண்டி எடுத்துவிட்டாள். விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில், சர்ச்சில், அதை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்துக்கொண்டே மைக்கில் பாடப்போவதாகச் சொன்னாள். பாஸ்டரிடம் கேட்டு, அவரும் சரியென்று சொல்லியாயிற்று.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"அந்தக் கிட்டார் வேணாம். மரக் கிட்டார் கீது, அதை எடுத்துகினு போ."

"சரி, அதுல பாடறேன். நீ இதை எதுக்கு வாங்குன, சொல்லு. அழகு பாக்கவா?"

"கையில கம்பி. வாய்க்கிட்ட மைக். ரெண்டும் இரும்பு. நடுவுல நீ."

"டாடி, நான் வார்டுல எத்தனை மிஷின் மாட்டறேன் தெரியுமா? கரண்ட் மிஷின்தான் எல்லாமே."

"எனக்குச் சொல்லாத அதை."

"உங்க அண்ணனுக்கு ஆனது எனக்கும் ஆகும்னு நெனச்சிகினு இருந்தா, நான் எப்ப டாடி பாடறது?"

அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் எச்சில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தார். கடைசியில், "எர்த் நான் பாத்துக்கறேன்" என்றார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு எர்த் குழி உண்டு. குழியில் உப்பும் கரியும் கொட்டி, நடுவில் குழாய் இறக்கி, அதிலிருந்து தடித்த செம்புக் கம்பி சுவரோடு மேலே போகும். கசிகிற கரண்ட் அந்த வழியாக மண்ணில் இறங்கிவிடும். குழி காய்ந்துவிட்டால் வேலை செய்யாது. எங்கள் ஊர் மண் எப்போதும் காய்ந்தே கிடக்கும். எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, புது உப்புப் போட்டு, விளக்கு எரித்துக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்குப் போதவில்லை. தினமும் ரயிலிலிருந்து இறங்கி நேரே போய், குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். எங்கள் ஊரில் குடத் தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு அது லேசான விஷயமில்லை.

"இன்னாண்ணா, எர்த்துக்கு ஞானஸ்நானமா?" என்றார் சர்ச் வாட்ச்மேன்.

"ஆமா. நீ ஞானப்பிதாவா நில்லு."

பண்டிகை நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு லைனே போகும். பூசணி, கோழி, வாழைத்தார், யாரோ செய்த கேக் எல்லாம் வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தன. ஆராதனை முடிந்து, வாசலிலேயே, அந்த வரிசைக்குப் பக்கத்தில் போட்ட பந்தலில் பாட்டு. மைக் செட்காரர் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் சர்ச் சுவரிலிருந்த பிளக்.

அவர் ஒரு உலக்கையைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் உலக்கை. ஏலத்துக்கு வந்த பொருள் என்று நினைத்து ஒருவர் விலைகூடக் கேட்டார். பந்தலில் சிரிப்பு. அது எதற்கு என்று எனக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாப்பா மேடைக்கு வந்து கிட்டாரை எடுக்கக் கை நீட்டினாள்.

"இரு" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் வெறுங்காலோடு நிற்பாள் என்பதால் அவரும் வெறுங்காலில் நின்றார். "டாடி, காலையிலதான் டெஸ்ட் பண்ணாங்க" என்றாள். "காலையில பண்ணது காலைக்கு" என்றார். இடது கையால் கிட்டாரின் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்தார். வலது கையைத் திருப்பினார். புறங்கை மைக்கின் பக்கம் போனது.

ஒரு சத்தம் வந்தது. அவர் போட்ட சத்தமா, ஸ்பீக்கர் போட்டதா என்று தெரியவில்லை. கை பின்னால் பறந்தது. உடம்பு அதன் பின்னால் போய், அடுக்கியிருந்த பூசணிகள் மேல் விழுந்தது. கிட்டார் பலகையில் மோதி ஒரு நீண்ட முழக்கம் எழுப்பியது. மைக் செட்காரர் ஓடிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கினார். ஒரு கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அவர் உதடு வெளுத்திருந்தது. கண் திறந்ததும் "பாப்பா" என்றார். அவள் அவர் கைநாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "செம்பை வெட்டிகினு போயிட்டானுங்க" என்றார். குழி இருந்தது, உப்பு இருந்தது, அவர் ஊற்றிய தண்ணீரின் ஈரம்கூட இருந்தது. குழியிலிருந்து சுவருக்கு ஏறிய கம்பி மட்டும் இல்லை. காலை டெஸ்டுக்குப் பிறகு, எல்லோரும் உள்ளே ஜெபத்தில் கண் மூடியிருந்த நேரத்தில், யாரோ ஒரு முழம் செம்புக்காக வெட்டியிருக்கிறார்கள். பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் கிட்டார் கம்பியில் வந்து நின்றிருந்தது. பள்ளிக்கூட எர்த்தோடு சேர்ந்திருந்த மைக்கைத் தொட்டதும் அவர் உடம்பு வழியாக அது போய்விட்டது. பாப்பா வாசித்துக்கொண்டே உதட்டை மைக்கில் வைத்திருந்தால் என்பதை அங்கே யாரும் முடிக்கவில்லை.

"போதும், போதும். வீட்டுக்குப் போலாம் வாங்க" என்றார் அவர் மனைவி. பாப்பாவும் கிட்டாரைப் பார்க்காமல், "சரி டாடி, வேணாம். நான் சும்மாவே பாடறேன்" என்றாள்.

அவர் ஒரு பூசணியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மைக் செட்காரரைக் கூப்பிட்டு, "உன் ஸ்கூல் லைன்ல எர்த் கீதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றார் அவர். "அப்ப ரெண்டையும் அதுலயே போடு." மாற்றினார்கள். எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றோம்.

அவர் எழுந்தார். மீண்டும் இடது கையில் கம்பிகள். வலது கையைத் திருப்பினார். விரல் மூட்டில் ஏற்கெனவே ஒரு வெள்ளைப் புள்ளி பொரிந்திருந்தது. கை மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றது. திரும்பி வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. "விடுண்ணா" என்று ஒரு குரல், மிகச் சின்னதாக, அவரிடமிருந்து வந்தது. அருகில் நின்ற எனக்கு மட்டும் கேட்டிருக்கும். பிறகு கையை நீட்டி மைக்கைத் தொட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டு. ஒன்றும் ஆகவில்லை.

"பாடு" என்றார்.

அந்தக் கிட்டார் அன்று பாடியதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. என் பல்லுக்குள் நான் கேட்ட அதே மணி, இப்போது பந்தல் முழுக்க நிறைந்து, பக்கத்து லைன்வரை போனது. அடுப்பில் எரிந்திருக்கவேண்டிய கட்டை அது. பாப்பாவின் குரல் முதல் அடியிலேயே அதோடு சேர்ந்துகொண்டது. ஏலத்துக்கு வந்தவர்கள் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அவர் மேடையோரத்தில், பிளக் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார். ஒரு கை சுவிட்சில். இன்னொரு கையில் உலக்கை. பாட்டு முடிந்த அந்தக் கணமே சுவிட்சைத் தட்டிவிட்டார். கைத்தட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது.

பெஞ்சிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாட்டு எப்பிடி இருந்துச்சு தம்பி?"

"இன்னாண்ணா, அங்கதானே நின்னுகினு இருந்தீங்க. நீங்க கேக்கலயா?"

"எங்க கேட்டேன்? அவ உதட்டையே பாத்துகினு இருந்தேன்."

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு வழியாகப் போனபோது கதவு திறந்திருந்தது. பாப்பா கட்டிலில் உட்கார்ந்து, ஒயர் எதுவும் இல்லாமல், காலையில் வாசித்த பாட்டையே மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, கிட்டாரின் மேல்முனையில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.